தலையில் அடிபட்டபின் கண் கூச்சமா? நிறக் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது முதல் கழற்றி வைப்பது வரை

இருட்டில் வேகத்தடை தெரியாமல் வண்டியோடு விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தும் தலை தரையில் நன்றாக மோதியது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக்கசிவு எதுவும் இல்லை, கன்கஷன்தான் (அடியில் மூளை அதிர்ந்து தற்காலிகமாகத் தடுமாறுவது), வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான்காம் நாள் அலுவலகத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது. அன்று மாலையே கறுகறுவென்று ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி, தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மாட்டிக்கொண்டு திரிந்தேன். பத்து நாளில் கூச்சம் இன்னும் ஏறியது.

அப்புறம் அக்கா மகனுக்குத் தலையில் கிரிக்கெட் பந்து பட்டது. உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். இரண்டு பேரும் என்னைப் போலவே முதல் வேலையாகக் கண்ணாடிக் கடைக்குத்தான் போனார்கள். நிறக் கண்ணாடி உதவும், எனக்கு நிறையவே உதவியது. ஆனால் வரிசைப்படி அது ஆறாவது வேலை. அதற்கு முன்னால் இருக்கும் ஐந்தையும் தாண்டிக் குதித்தால் காசு போகும், கூச்சம் போகாது.

நான் டாக்டர் இல்லை. இந்தப் பாதையில் நடந்து, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிப் போனவன். வைத்தியம் சம்பந்தமான முடிவை உங்கள் டாக்டரிடம் கேட்டே எடுங்கள்.

1. அவசரம் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்

கண் கூச்சம் மட்டும் இருந்தால் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். அதோடு கீழே சொல்பவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கண்ணாடிப் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி: தலைவலி மணிக்கு மணி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் லேசான அடிக்கும் உடனே காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

இதில் இரண்டு தடுமாற்றங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, ‘ஸ்கேன் நார்மல், அப்புறம் என்ன கூச்சம்?’ என்று வீட்டில் கேட்பது. கன்கஷன் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு மாதிரியானவை இருக்கிறதா என்று பார்க்கத்தான். இந்த ஒரு விஷயத்தை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொன்று, அடிபட்டவரை இருட்டறையில் போட்டு வைப்பது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு வேண்டும், அந்த இரண்டு நாளும் செல்போன், டிவி குறைய வேண்டும். அதற்காகக் கதவு ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் மெதுவாக நடமாடலாம், பேசலாம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கும் வேலைக்கும் திரும்புவதுதான் இப்போது சொல்லப்படும் முறை.

2. கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்

கூச்சம் மூளையிலிருந்துதான் வருகிறது என்று நாமே முடிவு கட்டக்கூடாது. தலையில் பட்ட அடி கண்ணிலும் பட்டிருக்கலாம். கருவிழியில் கீறல், கண்ணுக்குள் அழற்சி இரண்டுமே கூசவைக்கும். ஒரு கண் மட்டும் கூசுவது, சிவப்பது, நீர் வடிவது, பார்வை மங்குவது இதற்கு அடையாளம். அதற்குச் சொட்டு மருந்துதான் தேவை. நிறக் கண்ணாடி போட்டால் நோய் மறைந்திருக்குமே தவிர, ஆறாது.

கண் வறட்சியும் கூச்சம் கொடுக்கும். கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

மூன்றாவது, இரண்டு கண்ணும் ஒன்று சேர்ந்து கிட்டத்தில் பார்க்கும் திறன். கன்கஷனுக்குப் பிறகு இது அடிக்கடி தளர்ந்துபோகிறது. ஒரு பேனாவைக் கை நீட்டிப் பிடித்து மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். 10 செ.மீ. தூரம் வருவதற்குள்ளேயே முனை இரண்டாகத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். படிக்கும்போது வரி மாறிப்போவதும் இதன் அறிகுறிதான். அக்கா மகனுக்கு இதுதான் இருந்தது. அவன் ‘கண் கூசுது’ என்று சொன்னதில் பாதி, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்துப்போனதன் வலி. கண் பயிற்சி கொடுத்ததும் அந்தப் பாதி போய்விட்டது.

தலைவலி மாத்திரையை எண்ணிப் பாருங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

போகும்போது துணைக்கு ஆள் வேண்டும். கண்மணி விரிய மருந்து விட்டால் அடுத்த சில மணி நேரம் கூச்சம் பல மடங்கு இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.

3. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

எல்லா வெளிச்சமும் ஒரே மாதிரி கூசாது. உங்களை வதைப்பது எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் வாங்கி வருவீர்கள்.

ஒவ்வொரு முறை கூசும்போதும் நான்கு விஷயம் போதும்: என்ன வெளிச்சம், எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது, 0 முதல் 10-க்குள் எவ்வளவு, விலகி வந்தபின் அடங்க எவ்வளவு நேரம். அன்று தூக்கம் கெட்டிருந்தால் அதையும் ஓரமாக எழுதுங்கள். தூக்கம் கெட்ட நாளின் எண்ணை நம்ப முடியாது.

என் நோட்டு எனக்கே ஆச்சரியம் கொடுத்தது. காலை வெயில் 3-தான். மதிய வெயில் 5. அலுவலக டியூப் லைட் 7. எதிரே வரும் வண்டியின் வெள்ளை ஹெட்லைட் 8. கறுப்புக் கண்ணாடியை நான் வாங்கியதோ வெயிலை நினைத்து!

4. வீட்டு வெளிச்சத்தை முதலில் மாற்றுங்கள்

கண்ணாடியில் செலவழிப்பதில் கால்வாசி கூட இதற்கு ஆகாது. பலனோ வீட்டில் இருக்கும் எல்லா நேரமும் கிடைக்கும்.

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் பெரும்பாலான எல்இடி பல்பும் டியூப்பும் 6500 கெல்வின், அதாவது நீலம் தூக்கலான வெள்ளை. பல்பு அட்டைப்பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும். நீங்கள் அதிகம் புழங்கும் அறையில் மட்டும் 2700 அல்லது 3000 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’ பல்பு போடுங்கள். மஞ்சள் விளக்கு என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

அடுத்தது சிமிட்டல். சோக் வைத்த பழைய டியூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, அடிபட்ட தலைக்குத் தெரியும். மலிவான எல்இடி பல்புகளிலும் இது உண்டு. செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பல்பைப் படம் பிடியுங்கள். படத்தில் வெளிச்சம் துடித்தாலோ கோடு கோடாக ஓடினாலோ அந்தப் பல்பை மாற்றுங்கள்.

விளக்கு நேராகக் கண்ணில் படக்கூடாது. மேஜை விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் சுவரில் பட்டு வரும் வெளிச்சமே அறைக்குப் போதும். ஜன்னலுக்குக் கனத்த திரை வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினால் வெயில் வடிகட்டி வரும், பகல் பகலாகவே இருக்கும்.

செல்போனில் நிறத்தை மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குவது எல்லாரும் செய்வது, அதில்தான் வினை. பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதே திரையை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான். குறைக்கக் குறைக்கச் சிமிட்டல் கூடும். பாதி அளவில் வைத்து, மேலும் மங்க வேண்டுமானால் அமைப்புகளில் இருக்கும் ‘எக்ஸ்ட்ரா டிம்’ மாதிரியான வசதியைப் போடுங்கள்.

கடைசியாக, முன்பக்கம் விளிம்பு நீண்ட தொப்பி. கூரை விளக்கிலிருந்து வருவதை இதைப்போல மறைக்கும் கண்ணாடி கிடையாது. அலுவலகத்தில் தொப்பியா என்று கூச்சப்பட்டால், கண் கூச்சம்தான் மிஞ்சும்.

5. கூலிங் கிளாஸை வீட்டுக்குள் கழற்றுங்கள்

இது பலருக்குப் பிடிக்காத படி. கண் இருட்டில் இருக்க இருக்கத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போகும். சினிமா தியேட்டரிலிருந்து பகல் காட்சி முடிந்து வெளியே வரும்போது எல்லாருக்கும் கூசுகிறதே, அதே சங்கதி. முழுமையாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரமோ இன்னும் கொஞ்சமோ ஆகும். நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர் நாள் முழுக்கத் தியேட்டருக்குள் இருப்பவர். அவருக்குச் சாதாரண வெளிச்சமும் தாங்காது. தாங்காததால் இன்னும் கறுப்பு தேடுவார்.

ஏற்கெனவே பழகிவிட்டிருந்தால் ஒரே நாளில் விட வேண்டாம். வீட்டில் மாற்றிய மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் பத்து நிமிடம் கழற்றுங்கள், நாளுக்கு மூன்று முறை. இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். எனக்கு இதற்கு ஒன்பது நாள் ஆனது, முதல் மூன்று நாள் எரிச்சலாக இருந்தது. வெளியே வெயிலில் கூலிங் கிளாஸ் போடுவதில் தப்பே இல்லை. உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

6. நிறத்தைச் சோதித்துப் பாருங்கள்

கறுப்புக் கண்ணாடி எல்லா நிற ஒளியையும் சேர்த்துக் குறைக்கிறது. நிறக் கண்ணாடி, வலி கிளப்பும் பகுதியை மட்டும் குறைத்துவிட்டு மீதியை உள்ளே விடப் பார்க்கிறது. கண்ணின் விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் உண்டு. அவை 480 நானோமீட்டர் அலைநீளத்தை (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு இது) ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் தூண்டப்படும். வெளிச்சத்தால் தலைவலி கூடுவதில் இந்தச் செல்களுக்குப் பங்கு உண்டு என்று மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எஃப்எல்-41 என்று சொல்லப்படும் ரோஜா நிறப் பூச்சு ஏறத்தாழ 480 முதல் 520 நானோமீட்டர் வரையான நீலம், நீலப்பச்சைப் பகுதியை வெட்டுகிறது. டியூப் லைட் தொல்லைக்கென்றே வந்தது. சோதனையை இதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. இன்னொரு வழி இதற்கு நேர்மாறு: 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை மட்டும் விட்டு மற்றதைக் குறைப்பது. சிலருக்கு நீலம், ஊதாக்கூட ஒத்துப்போகிறது. எஃப்எல்-41 பற்றிய ஆய்வுகளில் பல மைக்ரேன்காரர்களிடம் செய்தவை. கன்கஷனுக்கு இருப்பவை சிறிய ஆய்வுகள். அதனால் ‘இந்த நிறம்தான் கன்கஷனுக்கு’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கண்ணில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோதிக்க, மேடை விளக்குக்குப் போடும் கலர் ஜெல் தாள் வாங்குங்கள். ரோஜா, பச்சை, நீலம், ஊதா, மஞ்சள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போதும். லென்ஸ் இல்லாத பழைய பிரேமில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேலேயே ஒட்டலாம். இது வீட்டுக்குள், உட்கார்ந்த இடத்தில் பார்ப்பதற்கு மட்டும். இந்தத் தாள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது, வெயிலில் போடக்கூடாது. வண்டியில் நினைக்கவே கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு நிறம். நோட்டில் அதிக எண் வாங்கிய அதே வெளிச்சத்தில், நாளின் அதே நேரத்தில், பதினைந்து நிமிடம். எத்தனையாவது நிமிடத்தில் கூச ஆரம்பித்தது, எண் என்ன, எழுதுங்கள். நடுவில் ஒரு நாள் தாளே இல்லாமல் வெறும் பிரேமோடு உட்காருங்கள். அந்த நாளின் எண் இல்லாவிட்டால் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை. ஒரே நாளில் ஐந்தையும் போட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம். மூன்றாவது நிறத்துக்கு வரும்போதே தலை கனத்துவிடும், பாவம் அந்த மூன்றாவது நிறத்தின் மேல் பழி விழும்.

நிறம் முடிவானதும் அடர்த்தி. தாளை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று வைத்துப் பாருங்கள். கூச்சத்தை அடக்கும் அடர்த்திகளில் மிக வெளிறியது எதுவோ அதுவே உள்ளே போடும் கண்ணாடிக்கு. பாதி வெளிச்சத்துக்கு மேல் உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாம் படியில் கழற்றிய கறுப்புக் கண்ணாடியே வேறு நிறத்தில் திரும்பி வரும்.

7. கடையில் ஆர்டர் கொடுப்பது

நான் ஏமாந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் கடையில் விஷயத்தைச் சொன்னதும், ‘ப்ளூ கட் போட்டுடலாம் சார், கம்ப்யூட்டர் பாக்குறவங்க எல்லாரும் இதைத்தான் போடுறாங்க’ என்றார்கள். போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ப்ளூ கட் என்று விற்கும் நிறமற்ற லென்ஸ் ஊதாவை ஒட்டிய கொஞ்சம் ஒளியைத்தான் குறைக்கும். 480 நானோமீட்டர் பக்கம் பெரிதாகத் தொடாது. கம்ப்யூட்டரால் வரும் கண் களைப்புக்கே அது குறுகிய காலத்தில் பலன் தருவதாகத் தெரியவில்லை என்று 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

அடுத்து, ரோஜா நிறம் எல்லாம் எஃப்எல்-41 ஆகாது. கடையில் சாதாரணப் பிங்க் சாயம் ஏற்றிக் கொடுத்தாலும் பார்க்க அச்சு அசலாக இருக்கும், வெட்ட வேண்டிய பகுதியை வெட்டியிருக்காது. எஃப்எல்-41 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி விடுகிறது என்ற வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள், அல்லது அந்த வரைபடத்தோடு விற்பவர்களிடம் ஆன்லைனில் வாங்குங்கள்.

சதவீதக் குழப்பம் அடுத்தது. கடைக்காரர் ‘80 சதவீதம் டின்ட்’ என்றால் 20 சதவீத வெளிச்சம்தான் உள்ளே வரும். வாங்குபவர் 80 சதவீத வெளிச்சம் வரும் என்று எடுத்துக்கொள்வார். ‘எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும்?’ என்றே கேளுங்கள், குழப்பம் தீரும்.

லென்ஸ், சாயம் ஏறும் வகையாக இருக்க வேண்டும். சிஆர்-39 என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் நன்றாக ஏறும். பாலிகார்பனேட்டில் சரியாக ஏறாது. கோட்டிங் போட்ட பழைய லென்ஸைக் கொடுத்து ‘இதில் கலர் ஏற்றுங்கள்’ என்றால் முடியாது. முதலில் கலர், அப்புறம்தான் எதிரொளி தடுக்கும் கோட்டிங். அந்தக் கோட்டிங்கை லென்ஸின் உள்பக்கமும் கேட்டு வாங்குங்கள். நிறக் கண்ணாடியில் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணில் அடிக்கும். புற ஊதாக் கதிருக்கான யூவி 400 தடுப்பும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பிரேம் பெரிதாக, முகத்தை ஒட்டி, காதுக்குப் போகும் கை அகலமாக இருக்கட்டும். மேலேயும் பக்கத்திலும் இடைவெளி விட்ட மெல்லிய பிரேமில் எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஓரத்து வெளிச்சம் வதைக்கும். உடன் வேலை பார்ப்பவர் ரிம்லெஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினார். இரண்டு வாரம் கழித்து வேறு வாங்கினார்.

பவர் உள்ளவர்கள் அவசரப்பட்டுப் பவரோடு சேர்த்துச் செய்யாதீர்கள். அடிபட்ட முதல் வாரங்களில் கிட்டத்தில் பார்க்கும் திறன் ஏறி இறங்கலாம். பழைய கண்ணாடிக்கு மேலே மாட்டும் வகையோ, கிளிப் வகையோ முதலில் போதும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வேண்டியிருக்கும் என்பதால் இப்படி வாங்கினால் செலவும் குறையும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் வாங்கினால் ஒன்றே போதுமே என்று கேட்பார்கள். அது கறுப்பது புற ஊதாக் கதிர் பட்டுத்தான். அலுவலக விளக்கில் கறுக்காது. காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரைத் தடுப்பதால் காருக்குள்ளும் அவ்வளவாகக் கறுக்காது. சூடு ஏற ஏறக் கறுப்பு குறையும் குணமும் அதற்கு உண்டு, நம் சித்திரை வெயிலில் முழுசாக வேலை செய்யாது. போலரைஸ்டு லென்ஸ் வெளியே நல்லது, ஈர ரோட்டிலும் கார் பானெட்டிலும் அடிக்கும் பளபளப்பைக் குறைக்கும். செல்போனையோ ஏடிஎம் திரையையோ ஒரு கோணத்தில் பார்த்தால் இருண்டுபோகும், பயந்துவிடாதீர்கள்.

8. எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது

வலி வந்தபின் மாட்டினால் பலன் பாதிதான். கூசும் இடத்தின் வாசலிலேயே மாட்டுங்கள், வெளியே வந்ததும் கழற்றுங்கள். நாள் முழுக்கப் போட வேண்டிய பொருள் இல்லை இது. உங்கள் நோட்டில் 5-க்கு மேல் வாங்கிய வெளிச்சங்களுக்கு மட்டும்.

எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் மாநாட்டின் பரிந்துரையில், பழைய வேலைகளுக்குத் திரும்பும்போது தொந்தரவு 10-க்கு 2 புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் அது ஏற்கத்தக்கது என்று இருக்கிறது. அதையே வெளிச்சத்துக்கும் நான் எடுத்துக்கொண்டேன். 3-ல் உட்கார்ந்து 5 வந்தால் எழுந்துவிடுவேன். 4 வந்ததுமே ஓடினால் கண் பழகாது, 7 வரை பல்லைக் கடித்தால் அடுத்த நாளும் போச்சு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டரிடம் சிறு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் நிறக் கண்ணாடியும் தொப்பியும் ஸ்டைலுக்கு இல்லை என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டும் இடம், ஸ்மார்ட் போர்டுக்குப் பதில் அச்சடித்த தாள், ஒவ்வொரு பாடவேளைக்கும் நடுவில் ஐந்து நிமிடம். அக்கா மகனுக்கு இவ்வளவும் கேட்டோம், இவ்வளவும் கிடைத்தது. கண்ணாடி போட்டால் கூசவில்லை என்பதற்காக அவனை மைதானத்துக்கு விடவில்லை. விளையாட்டுக்குத் திரும்புவது டாக்டர் சொன்ன பிறகுதான்.

9. வண்டி ஓட்டும்போது

முதலில் டாக்டர் ஓட்டலாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் லென்ஸ் பேச்சு.

இரவில் நிறக் கண்ணாடி வேண்டாம். 75 சதவீதத்துக்குக் குறைவான வெளிச்சம் விடும் எந்த லென்ஸும் அந்தி, இரவு ஓட்டத்துக்கு ஆகாது. எதிர் வண்டி ஹெட்லைட் குறையும், அதோடு ரோட்டைக் கடக்கும் ஆளும் மறைந்துவிடுவார். ‘நைட் டிரைவிங்’ என்று விற்கும் மஞ்சள் கண்ணாடிக்கும் இதே கதைதான். ஹெட்லைட் தாங்கவில்லை என்றால் இரவில் ஓட்டாமல் இருப்பது ஒன்றே வழி. நான் மூன்று மாதம் மாலை ஆறு மணிக்கு மேல் பஸ்ஸில்தான் போனேன்.

பகலில், பல கூலிங் கிளாஸ்களின் கையில் உள்பக்கம் 0 முதல் 4 வரை ஒரு எண் இருக்கும். 4 என்றால் 8 சதவீதத்துக்கும் குறைவான வெளிச்சமே வரும், அதைப் போட்டு ஓட்டக்கூடாது. எஃப்எல்-41 வெட்டும் பகுதியில்தான் சிக்னலின் பச்சை இருக்கிறது, மங்கித் தெரியும். ஓட்டுவதற்கு முன் நடந்து போய் ஒரு சிக்னலைப் பார்த்துப் பழகுங்கள். ஹெல்மெட்டில் கறுப்பு வைசர், அதற்குள் நிற லென்ஸ் என்று இரண்டையும் சேர்க்காதீர்கள்.

10. கழற்றும் காலம்

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திலும், பிள்ளைகளுக்கு நான்கு வாரத்திலும் கன்கஷன் தொந்தரவுகள் அடங்கிவிடும். நிறைய பேருக்கு நான்காம் படியோடு வேலை முடிந்துவிடும், கண்ணாடி வாங்கவே தேவைப்படாது.

வாங்கியவர்கள், ஒரு வாரம் தொடர்ந்து எண் 3-க்குக் கீழே இருந்தால் குறைக்க ஆரம்பிக்கலாம். நோட்டில் மிகக் குறைந்த எண் வாங்கிய வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே ஐந்து நிமிடம் கண்ணாடி இல்லாமல். மூன்று நாள் தாங்கினால் பத்து. 2 புள்ளிக்கு மேல் ஏறினால் முந்தைய அளவுக்கே திரும்பி, இன்னும் மூன்று நாள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் கழற்றிவிட்டு ‘பழையபடி ஆகிவிட்டது’ என்று சோர்ந்துபோவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வெளிச்சம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும்.

சரியான நிறம், சரியான அடர்த்தி, மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் எண் அசையவே இல்லை என்றால் அடுத்த நிறத்தைத் தேடாதீர்கள். காரணம் வேறு எங்கோ இருக்கிறது: விழுந்தபோது சுளுக்கிய கழுத்து, அடிபட்டபின் கிளம்பிய மைக்ரேன், இரண்டாம் படியில் சொன்ன கண் ஒருங்கிணைப்பு. நோட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போங்கள். மூன்று வார எண்களைப் பார்த்தால் அவருக்கும் கேள்வி கேட்பது சுலபம்.

எனக்கு அலுவலக டியூப் லைட் ஏழாவது வாரத்தில் கழிந்தது. வெயில் அதற்கு முன்பே. ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி மட்டும் இன்னும் பாக்கி, கூரை முழுக்க வெள்ளை விளக்கும் சுவர் முழுக்கக் கண்ணாடியும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது ரோஜாக் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும், லிஃப்ட் கதவு திறக்கும்போது மாட்டிக்கொள்வேன்.